தேய்ந்த வெள்ளி ரூபாய்க்கு என்ன விலை கேட்கலாம்? பழங்காசு கேள்வி பதில்

கேள்வி: என் அமுச்சி மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த வெள்ளி ரூபாய்கள் பன்னிரண்டு என்னிடம் வந்திருக்கின்றன. எல்லாமே விக்டோரியா அரசியின் தலை உள்ளவை. இரண்டில் 1862 என்ற ஆண்டு இருக்கிறது. மற்றவை 1877-க்குப் பிற்பட்டவை. புழங்கிப் புழங்கி முகம் மழுங்கிப் போயிருக்கிறது. ஒன்றில் வளையம் பற்றவைத்துப் பின்பு எடுத்த தடம் தெரிகிறது. எங்கள் ஊர் வெள்ளிக் கடையில் எடைக்குத்தான் விலை என்கிறார்கள், அதிலும் கழிவு உண்டாம். இணையக் காணொளிகளில் இதே காசு ஒன்று லட்சம் ரூபாய்க்குப் போகும் என்கிறார்கள். எதை நம்புவது?
வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: இரண்டு விலைகளுமே உங்கள் காசுகளைக் கையில் எடுத்துப் பார்க்காமல் சொல்லப்பட்டவை. வெள்ளிக் கடைக்காரர் உருக்குவதற்காக வாங்குகிறவர் என்பதால் அவருக்கு ஆண்டும் அச்சும் தேவையில்லை. காணொளியில் பேசுகிறவரோ, அச்சுக்கூடத்திலிருந்து வெளிவந்த நாளின் பளபளப்பு மாறாத ஏதோ ஓர் அரிய காசுக்கு ஏலத்தில் கிடைத்த தொகையை, அதே அரசியின் தலை பொறித்த எல்லாக் காசுகளுக்கும் பொருத்திவிடுகிறார். உங்கள் காசுகளின் நியாய விலை இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. பெரும்பாலானவற்றுக்கு அது வெள்ளி விலைக்கு வெகு அருகிலேயே இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அடிமட்டத்திலிருந்து தொடங்குவோம். 1835 முதல் 1939 வரை அச்சிடப்பட்ட வெள்ளி ரூபாயின் எடை 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம். அதில் 12-க்கு 11 பங்கு வெள்ளி, கடைக்காரர் மொழியில் சொன்னால் ஏறத்தாழ 92 டச். புதுக் காசில் 10.69 கிராம் சுத்த வெள்ளி இருக்கும். தேய்ந்த காசில் அவ்வளவு இராது. உங்கள் காசு ஒன்று 11.3 கிராம்தான் நிற்கிறது என்றால், அதில் உள்ள வெள்ளி 10.36 கிராம். கணக்கின் எளிமைக்காக ஒரு கிராம் வெள்ளி 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அந்தக் காசின் உலோக மதிப்பு 1,036 ரூபாய். அன்றைய வெள்ளி விலையைப் போட்டு இந்தக் கணக்கை நீங்களே செய்துகொள்ளுங்கள். நகைத் தராசில் ஒவ்வொரு காசையும் தனித்தனியே நிறுத்து, ஒரு தாளில் ஆண்டையும் எடையையும் எழுதி வைத்துக்கொண்ட பிறகே கடைப்படி ஏறுங்கள். பன்னிரண்டையும் மொத்தமாகத் தராசில் கொட்டும் இடத்தில் எந்தக் காசுக்கும் அதற்குரிய விலை கிடைக்காது.

அடுத்தது, அது எந்தக் காசு என்பதைச் சரியாக அறிவது. தேய்மானத்தைவிட விலையைப் பெரிதாக மாற்றுவது இதுதான். 1862 என்று பொறித்த ரூபாய்கள் எல்லாம் 1862-இல் அடித்தவை அல்ல. 1874 வரை அந்த ஆண்டையே மாற்றாமல் அச்சிட்டு வந்தார்கள். எந்த ஆண்டில் அடித்தது என்பதைக் காட்டப் பம்பாய் அச்சுக்கூடம் பின்பக்கத்தில் சிறு புள்ளிகளை இட்டது. ஆகவே உங்களுடைய இரண்டு 1862 காசுகளையும் உருப்பெருக்கியின் கீழ் வைத்து, ஆண்டுக்கு மேலும் கீழும் எத்தனை புள்ளிகள் உள்ளன என்று எண்ணுங்கள். புள்ளியின் எண்ணிக்கையைப் பொறுத்துச் சில வகைகள் எங்கும் கிடைப்பவை, சில வகைகளைத் தேடி அலைய வேண்டும். மற்றப் பத்துக் காசுகளில் அரசியின் பெயருக்குப் பின் ‘எம்ப்ரஸ்’ என்று இருக்கும், ஏனென்றால் 1877 முதல் ‘குயின்’ என்பது அப்படி மாற்றப்பட்டது. அவற்றில் ஆண்டையும், பம்பாய்க்குரிய ‘பி’ அல்லது கல்கத்தாவுக்குரிய ‘சி’ என்ற சிற்றெழுத்து இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். எந்த ஆண்டு எந்த அச்சுக்கூடத்தில் குறைவாக அடிக்கப்பட்டது என்பதை நாணயப் பட்டியல் நூல்கள் சொல்லும்.

இனித் தேய்மானம். காசு எப்போதும் மேட்டிலிருந்துதான் தேயும். விக்டோரியா ரூபாயில் முதலில் போவது காதுக்கு மேலுள்ள கூந்தல் இழைகள், பிறகு கிரீடத்தின் வேலைப்பாடு, அதன்பின் மார்பிலுள்ள உடையின் பூவேலை. கூந்தல் ஒரே திட்டாக வழுவழுத்திருந்தும் கிரீடத்தின் கற்கள் பிரிந்து தெரிந்தால், வணிகர் அதை ‘வெரி ஃபைன்’ என்பார்கள். கிரீடமும் ஒட்டிப்போய், எழுத்தும் ஆண்டும் மட்டும் முழுமையாக நின்றால் அது ‘ஃபைன்’. அதற்கும் கீழே போய், விளிம்பு எழுத்துகளின் மேல்பாதியைத் தின்னத் தொடங்கியிருந்தால், பொதுவான ஆண்டுகளில் அதற்குச் சேகரிப்பு மதிப்பு இல்லை. வெள்ளி விலையே அதன் விலை. இங்கே ஒரு நுட்பம் உண்டு. எங்கும் கிடைக்கும் ஆண்டின் காசைத் தேய்மானம் ஒரேயடியாகக் கீழே தள்ளிவிடும், ஏனென்றால் நல்ல நிலையிலுள்ள வேறொன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அரிய ஆண்டின் காசில் அந்தத் தண்டனை குறைவு. தன் வரிசையில் அந்த ஓர் இடம் மட்டும் வெறுமையாக இருக்கும் சேகரிப்பாளர், ஆண்டு தெளிவாகத் தெரிந்தால் போதும் என்று தேய்ந்த காசுக்கும் மனமுவந்து பணம் கொடுப்பார்.

தேய்மானம் வேறு, ஊனம் வேறு. வளையம் பற்றவைத்த தடம், துளை, பழைய சராபுகள், அதாவது காசு மாற்றும் வணிகர்கள், உலோகத்தைச் சோதிக்க இட்ட வெட்டு, விளிம்பில் அரத்தின் கீறல் ஆகியவை சேகரிப்பாளர் மன்னிக்காதவை. உங்களுடைய அந்த ஒரு காசு அரிய புள்ளி வகையாக இல்லாவிட்டால், அதற்கு வெள்ளி விலைக்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் யார் கழுத்தில் தொங்கியது என்று உங்கள் வீட்டில் யாருக்காவது தெரியுமானால், அதை விற்காமல் வைத்துக்கொள்ளச் சொல்வேன். சந்தை விலை கொடுக்காத மதிப்பு அதில் இருக்கிறது.

கடைசியாக, விலையை எங்கே பார்ப்பது? விற்பனைக்கு வைத்தவர் கேட்கும் தொகையைப் பார்க்கவே பார்க்காதீர்கள். அது அவருடைய ஆசை. நாணய ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் படங்களையும் விலைகளையும் வெளியிடுகின்றன. உங்கள் காசின் ஆண்டு, அச்சுக்கூடம், தேய்மானம் மூன்றும் ஒத்துப்போகும் விற்பனைகள் சிலவற்றைத் தேடி எடுங்கள். அவற்றுள் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் விட்டுவிட்டு நடுவில் நிற்பதை எடுத்துக்கொண்டால், சந்தை ஏறத்தாழ எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிடும். வாங்கியவர் ஏலத்தொகைக்கு மேல் நிறுவனத்தின் தரகும் வரியும் கொடுத்திருப்பார், விற்றவர் கைக்குத் தரகு கழித்துத்தான் வந்திருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். நாணய வணிகர் ஒருவர் தாம் விற்கக்கூடிய விலையில் மூன்றில் இரண்டு பங்கை உடனே ரொக்கமாகத் தந்தால், அதை ஏமாற்று என்று நான் கருத மாட்டேன். அவர் அந்தக் காசை மாதக்கணக்கில் வைத்துக் காத்திருக்க வேண்டியவர். வெள்ளி மதிப்புக்கும் கீழே கேட்டால் மட்டும் தயங்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

அமெரிக்கத் தரச்சான்று நிறுவனங்களுக்கு அனுப்பி நெகிழிப் பெட்டியில் அடைத்து வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பொதுவான ஆண்டின் தேய்ந்த ரூபாய்க்கு அது வீண் செலவு. கட்டணமே காசின் விலையைத் தின்றுவிடும்.

கேள்வி: ஆறாம் ஜார்ஜ் மன்னர் ரூபாய்கள் இரண்டு வைத்திருக்கிறேன், ஒன்று 1938, மற்றொன்று 1944. ஒரே மன்னர், ஒரே அளவு. விலை மட்டும் ஏன் வேறாகச் சொல்கிறார்கள்?
வாசகர், காங்கேயம்

பதில்: உலோகமே வேறு. போர்க்காலத்தில், 1940 முதல், ரூபாயில் வெள்ளி காசின் எடையில் பாதி என்ற அளவுக்குக் குறைக்கப்பட்டது. எடை அதே 11.66 கிராம்தான் என்றாலும் 1944 காசில் உள்ள வெள்ளி 5.83 கிராம் மட்டுமே. தேய்ந்த நிலையில் இரண்டுக்குமான வேறுபாடு ஏறத்தாழ இதுவே. உங்களிடம் உள்ள 1938-ஐ யாராவது ஆவலோடு கேட்டால் கவனமாக இருங்கள். பழைய வெள்ளித் தரத்தில் வந்த கடைசி ஆண்டான 1939 ரூபாய் மிக அரிது என்பதால், 1938-இன் கடைசி எண்ணைச் செதுக்கி 9 ஆக்கி விற்கும் வழக்கம் உண்டு. 1939 என்று யாரேனும் உங்களிடம் விற்க வந்தால், அந்த ஓர் எண்ணை மட்டும் உருப்பெருக்கியில் பார்த்து, அதைச் சுற்றியுள்ள தளம் மற்ற எண்களைச் சுற்றியுள்ள தளத்தோடு ஒத்திருக்கிறதா என்று சோதியுங்கள். 1947 ஆண்டு ரூபாய் நிக்கல். அதில் வெள்ளியே இல்லை.

கேள்வி: அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் தரையில் துணி விரித்துப் பழைய பொருள்கள் விற்ற ஒருவரிடம் செப்புக் காசு ஒன்றைப் பார்த்தேன். ஒருபக்கம் யானை, மறுபக்கம் எழுத்து முற்றாகத் தேய்ந்திருந்தது. திப்பு சுல்தான் காசு என்று சொல்லி 600 ரூபாய் கேட்டார். வாங்கியிருக்கலாமா?
வாசகர், பவானி

பதில்: யானை இருந்தால் திப்பு என்று முடிவு கட்டிவிட முடியாது. மைசூர் உடையார்கள் காலத்துச் சிறு செப்புக் காசுகளிலும் யானை உண்டு. அவற்றின் மறுபக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டக் கோடுகள் இருக்கும். 1799-க்குப் பிறகு ஆண்ட மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் காசுகளிலும் யானை நிற்கும். அவற்றில் கன்னட எழுத்தும் ஆங்கில எழுத்தும் கலந்து வரும். திப்புவின் பைசா என்றால் எடை 11 கிராமை ஒட்டி இருக்க வேண்டும். அரைப் பைசா அதில் பாதி, இரட்டைப் பைசா அதைப்போல் இருமடங்கு. யானைக்கு மேலே பாரசீக எழுத்தில் ஆண்டோ ஓர் அரபு எழுத்தோ இருக்கும். மறுபக்கத்தில் அச்சிட்ட ஊரின் பெயர் இருக்கும். அவருடைய பிற்கால ஆண்டுகளை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்பது பலர் தடுமாறும் இடம்.

இந்தக் காசுகளில் விலையைத் தீர்மானிப்பது அந்த ஊர்ப் பெயர்தான். ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் குறிக்கும் ‘பட்டன்’ என்ற பெயர் தாங்கியவை எங்கும் கிடைக்கின்றன. நம் சத்தியமங்கலத்திற்குத் திப்பு இட்ட பெயர் சலாமாபாத். அந்தப் பெயர் தெளிவாக நிற்கும் காசு எவ்வளவு தேய்ந்திருந்தாலும், நம் பகுதிச் சேகரிப்பாளர் எவரும் அதைக் கீழே வைக்க மாட்டார். நீங்கள் பார்த்த காசிலோ அந்தப் பக்கமே தேய்ந்துவிட்டது. ஊர் தெரியாத, ஆண்டு தெரியாத யானைக் காசுக்கு 600 ரூபாய் அதிகம். யானையின் தும்பிக்கையும் வாலும் தெளிவாக இருந்தால், நம் மண்ணில் புழங்கிய காசு என்ற ஆர்வத்திற்காக 100, 150 கொடுத்து வாங்கலாம் என்பது என் கருத்து. விற்பவரிடம் குறை சொல்லிப் பேரம் பேசத் தேவையில்லை. ‘ஊர்ப் பெயர் படிக்க முடியவில்லை’ என்ற ஒரு சொல்லே போதும், பழகிய வணிகருக்கு அதன் பொருள் தெரியும்.

கேள்வி: தேய்ந்த காசையும் போலிக் காசையும் எப்படிப் பிரித்தறிவது? இரண்டுமே மழுங்கலாகத்தான் இருக்கின்றன.
வாசகர், பொள்ளாச்சி

பதில்: மிக நல்ல கேள்வி, விலை பேசுவதற்கு முன் எழ வேண்டிய கேள்வியும் இதுதான். உண்மையாகப் புழங்கித் தேய்ந்த காசில் மேடுகள் தட்டையாகிவிட்டாலும் பள்ளங்களில் கூர்மை தங்கியிருக்கும். எழுத்தின் அடிப்பகுதி தளத்தோடு சேரும் இடம், கழுத்தணியின் இடுக்கு, இலைகளுக்கு இடையிலுள்ள ஆழம் ஆகியவை விரல் படாத இடங்கள். அங்கே அச்சின் நேர்த்தி அப்படியே நிற்கும். அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த போலியில் மேடும் பள்ளமும் ஒரே அளவில் மழுங்கியிருக்கும். தளத்தில் குருணை போன்ற புள்ளிகளும், விளிம்பைச் சுற்றி அராவிய மெல்லிய கோடும் காணப்படும்.

வெள்ளி ரூபாய்க்கு வீட்டிலேயே செய்யத்தக்க ஒரு சோதனை உண்டு. நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் நகைத் தராசின் மேல் பாதி நீருள்ள சிறு கிண்ணத்தை வைத்து, தராசைச் சுழியாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, கிண்ணத்தின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் நீருக்குள் முழுவதும் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண் காசு விலக்கிய நீரின் எடை. காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். பழைய தரத்து வெள்ளி ரூபாய்க்கு அது 10.3 அளவில் வர வேண்டும், அதாவது 11.66 கிராம் காசுக்குத் தராசு 1.13 காட்டும். வெள்ளியே கலவாத ஜெர்மன் சில்வர் என்ற கலப்பு உலோகத்தில் செய்த போலியானால் 1.35-ஐ ஒட்டி நிற்கும். வெள்ளியிலேயே வார்த்த போலியை இது பிடிக்காது. அதற்குக் கண்தான் துணை. காந்தம் இழுத்தால் மேற்கொண்டு எந்தச் சோதனையும் தேவையில்லை.

கேள்வி: விற்பதற்கு முன் காசுகளைப் புளி போட்டுத் தேய்க்கலாமா, விபூதி போட்டுத் துலக்கலாமா?
வாசகி, தாராபுரம்

பதில்: இரண்டும் வேண்டாம். பூசை வெள்ளிக்கு விபூதியும் செம்புக் குடத்திற்குப் புளியும் சரி. காசுக்கு அவை கேடு. பல ஆண்டுகளில் படிந்த கருமையும் செம்பின் தவிட்டு நிறமும் காசுக்கு இயல்பான போர்வை. தேய்த்தவுடன் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் விழுந்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்த மாத்திரத்தில் வாங்குகிறவர் கண்டுகொள்வார். அந்த நொடியே விலை இறங்கிவிடும். குங்குமமும் எண்ணெயும் அப்பியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் துணியில் ஒற்றி எடுங்கள். அதற்குமேல் செய்யாதீர்கள்.

கேள்வி: கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்தது என்று சொல்லி ஒருவர் பச்சை படிந்த சிறு காசுகள் சிலவற்றைக் காட்டினார். சேரர் காசாக இருக்கலாம் என்றார். என்ன விலை கொடுக்கலாம்?
வாசகர், கரூர்

பதில்: அமராவதி ஆற்றுப்படுகையில் சங்ககாலச் சேரர் காசுகளும் ரோமானியக் காசுகளும் கிடைத்திருப்பது வரலாறு. ‘மாக்கோதை’, ‘கொல்லிப்புறை’ என்று பெயர் பொறித்த காசுகள் கரூரின் பழமைக்குச் சான்றாக நிற்பவை. அதனாலேயே விலைப்பேச்சுக்கு முன் சட்டப்பேச்சு வருகிறது. மண்ணில் புதைந்திருந்து கிடைக்கும், 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. நூறாண்டு கடந்த காசுகளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது.

எனவே, ஆற்றில் எடுத்ததாக விற்பவரே சொல்லும் காசுக்கு நான் விலை சொல்ல மாட்டேன். அவர் சொல்வது உண்மையானால் அது அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய பொருள். பொய்யானால் போலியாக இருக்க வாய்ப்பு மிகுதி. எந்த இடத்தில், எவற்றோடு சேர்ந்து கிடைத்தது என்ற செய்தி போய்விட்டால் அந்தக் காசு நம் ஊர் வரலாற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் பாதி அழிந்துவிடும் என்பதே எனக்குப் பெரிய வருத்தம். கரூர் அரசு அருங்காட்சியகத்தில் இத்தகைய காசுகளைக் கண்ணால் பாருங்கள். அவரையும் அங்கே அழைத்துப் போங்கள். ஏற்கெனவே உங்கள் வீட்டிலுள்ள செப்புக் காசில் இறுகிய கரும்பச்சை படிந்திருந்தால் அது தீங்கில்லை. தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடி என்றால் அது காசை உள்ளிருந்து அரிக்கும் நோய். ஈரம் படாமல் மற்றக் காசுகளிலிருந்து பிரித்து வையுங்கள்.

கேள்வி: வைஷ்ணோ தேவி உருவம் பொறித்த ஐந்து ரூபாய்க் காசுக்கு ஐந்து லட்சம் தருவதாகத் தொலைபேசியில் ஒருவர் பேசினார். பதிவுக் கட்டணமாக 2,500 ரூபாய் முதலில் அனுப்பச் சொல்கிறார். ரிசர்வ் வங்கியின் சான்று ஒன்றையும் அனுப்பியிருக்கிறார். அனுப்பலாமா?
வாசகர், நாமக்கல்

பதில்: அனுப்பாதீர்கள். அந்தக் காசு 2012 ஆண்டு பொறித்து வெளியான நினைவுக் காசு. பெருமளவில் புழக்கத்திற்கு விடப்பட்டது, இன்றும் சில்லறையில் கைக்கு வரும். பழைய காசுகளையும் தாள்களையும் வாங்கி விற்கும் வேலையில் தான் ஈடுபடுவதில்லை, அதற்காக எவரிடமும் கட்டணமோ தரகோ கேட்பதில்லை, தன் பெயரில் வசூலிக்க எவருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிக்கையே வெளியிட்டது. காசை வாங்குகிறவர்தான் பணம் கொடுக்க வேண்டும். விற்கிறவரிடம் பணம் கேட்கும் எந்த அழைப்பும் மோசடி. ஏற்கெனவே ஏதேனும் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அவர் அனுப்பிய ‘சான்றை’ அழிக்காமல் வைத்திருங்கள், புகாருக்கு அது தேவைப்படும்.